ஷஃபி பாயின் பிரஷ்

ஷஃபியுல்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஈக்காட்டுத்தாங்கலில் வால்வு செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் இருபத்தேழு வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை. லேத்திலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு உருப்படியையும் அளவு பார்க்கிற கேஜில் விட்டுப் பார்ப்பார். பொருந்தினால் ஓகே, பொருந்தாவிட்டால் ரிஜெக்ட். முதலாளியே பக்கத்தில் வந்து நின்று, "பாய், மயிரிழைதானே, கண்டுக்காம விட்ருங்களேன்" என்று கெஞ்சினாலும், உருப்படியின் நெற்றியில் சிவப்பு மையைத் தடவி ரிஜெக்ட் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் முதலாளிக்கு சலாம் சொல்வார்.

வீட்டிலும் அதே இரண்டு வார்த்தைதான். நஸ்ருன்னிசா மீன் குழம்பு வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, "எப்படி இருக்குங்க?" என்று கேட்பாள். "ஓகே" என்பார். "முப்பது வருஷத்துல ஒரு நாளாவது பிரமாதம்னு சொன்னா என்ன, நாக்கு தேஞ்சிடுமா?" என்று அவள் நொடிப்பாள். ஷஃபியுல்லா சிரித்துக்கொள்வார். தாராளமாகச் சொல்லிவிட்டால் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அவர் கட்சி.

பட்டறை லீவு விட்ட நாட்களில் அவர் பேஸ்பால் அம்பயர். சென்னையில் பேஸ்பாலா என்று வாயைப் பிளப்பவர்களிடம், "ஏன், ஊரையே கிரிக்கெட்டுக்குப் பட்டா போட்டுக் குடுத்தாச்சா?" என்று கேட்பார். மயிலாப்பூரில் அவர் படித்த பள்ளியில், கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்காத ஒன்பது பையன்களைப் பிடித்து பி.டி. மாஸ்டர் ஒரு பேஸ்பால் டீம் கட்டினார். கழித்துப் போட்ட ஒன்பது பேரில் ஷஃபியுல்லா ஒருவர், டில்லிபாபு இன்னொருவர். மற்ற ஏழு பேரும் வேலை, கல்யாணம், துபாய் என்று ஆட்டத்தை மறந்து போனார்கள். டில்லிபாபு தி.நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு பி.டி. மாஸ்டராகப் போய் அங்கே டீம் கட்டினார். ஷஃபியுல்லா அம்பயரானார்.

ஆட வராதவன்தான் அம்பயராவான் என்று டில்லிபாபு கிண்டலடிப்பார். ஆனால் மைதானத்தில் ஏதாவது தகராறு என்றால் அவரே கையை உயர்த்தி, "ஷஃபி பாய் சொன்னா சரி, வுடு" என்று தன் பெண்களை இழுத்துக்கொண்டு போவார். மாவட்டம் முழுக்க அந்தப் பேச்சு இருந்தது. ஷஃபி பாய் சொன்னா சரி. சொந்த வீடு இல்லை, பட்டறையில் பெரிய பதவி இல்லை, ஆதம்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடித்தனம். இந்த நாலு சொற்கள்தான் அந்த மனிதர் சம்பாதித்த சொத்து. அதைத்தான் போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே அழித்துக்கொண்டார். அழித்தது யாருக்கும் தெரியாது என்பதுதான் அதைவிடப் பெரிய கொடுமை.

அவருடைய பேன்ட் பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சின்ன பிரஷ் இருக்கும். பிடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். பேஸ்பாலில் பந்தை அடிக்கிறவர் நிற்கும் இடத்தில் தரையோடு தரையாக ஒரு வெள்ளை ரப்பர் பலகை பதித்திருப்பார்கள். அதுதான் ஹோம் பிளேட். பேஸ் என்கிற மூன்று இடங்களையும் மிதித்துச் சுற்றி ஓடி வருகிறவர் கடைசியில் அதை மிதித்தால் ஒரு ரன். பிளேட்டுக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருப்பார், கேட்சருக்குப் பின்னால் அம்பயர் நிற்பார். பிளேட்டில் மண் படிந்தால் அம்பயர் முன்னால் வந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பிரஷ்ஷால் துடைத்துவிட்டுத் திரும்புவார். ஷஃபியுல்லா துடைத்தால் பிளேட்டில் பால் ஊற்றின மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே கம்பி வேலி ஓரம் வந்து நிற்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு பள்ளி மைதானத்தில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான மாவட்டப் போட்டி. காலையில் அரையிறுதி, மூன்று மணிக்கு இறுதிப் போட்டி. ஷாமியானா போட்டு, அதன் கீழ் டெக்னிக்கல் கமிட்டித் தலைவர் அப்துல் வஹீத் ரூல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர், அளந்து பேசுகிறவர். மாநில அம்பயர் பேனலுக்கு இந்த வருஷம் சென்னையிலிருந்து யார் போவது என்பதை அவர்தான் எழுதி அனுப்பப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஷஃபியுல்லாவுக்கும் தெரியும். இருபது வருஷம் மாவட்டத்திலேயே நின்றுவிட்டவருக்கு அந்த ஆசை இருந்ததில் தப்பு சொல்ல முடியாது. காலையில் வெளிர் நீலச் சட்டையை நஸ்ருன்னிசா இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அரையிறுதியில் டில்லிபாபுவின் தி.நகர் அணியும் ஆதம்பாக்கம் அணியும் மோதின. தி.நகருக்கு கேட்சர் கீர்த்தி. பதின்மூன்று வயது, ஒல்லி உடம்பு. மார்புக் கவசத்தைப் போட்டால் ஆள் எங்கே என்று தேட வேண்டும். அவள் அம்மா பங்கஜம் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். மற்றப் பெண்கள் எல்லாம் கேன்வாஸ் ஷூ போட்டிருக்க, கீர்த்தி மட்டும் அடியில் வட்ட வட்டக் குமிழ் வைத்த ஃபுட்பால் ஷூ போட்டிருந்தாள். கேட்சருக்குக் கால் வழுக்கக் கூடாது என்று டில்லிபாபு யாரிடமோ கேட்டு வாங்கி வந்தது. ஒரு சைஸ் பெரிசு, முன்னால் துணி அடைத்திருந்தாள்.

கடைசி இன்னிங்ஸ். தி.நகர் ஐந்து, ஆதம்பாக்கம் மூன்று. ஆதம்பாக்கம் ஆடுகிறது, இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் தி.நகர் இறுதிப் போட்டிக்குப் போய்விடும். ஆனால் மூன்று பேஸிலும் ஆதம்பாக்கம் பெண்கள் நிற்கிறார்கள். ஷஃபியுல்லா முன்னால் வந்து பிளேட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். அடுத்த பந்து. அடிக்கிறவள் ஓங்கி வீசினாள், பந்து படவில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், கேட்சர் பந்தைப் பிடித்தாலே அவள் அவுட். ஆனால் பந்து கீர்த்தியின் கிளவுஸிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

இங்கேதான் பேஸ்பாலில் ஒரு வில்லங்கம். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் கோட்டை விட்டால், அடிக்க நின்றவள் முதல் பேஸுக்கு ஓடலாம். அவளை அவுட்டாக்க, பந்தால் அவளைத் தொட்டு 'டேக்' செய்ய வேண்டும், அல்லது அவள் போய்ச் சேருவதற்குள் பந்தை முதல் பேஸுக்கு எறிய வேண்டும். "ஆளைத் தொடு, இல்லன்னா ஃபர்ஸ்டுக்கு எறி." பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ரூல் வகுப்பு எடுத்தபோது ஷஃபியுல்லாவே கட்டின வாசகம் அது. பிள்ளைகள் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். ஆனால் மூன்று பேஸிலும் ஆள் நின்றால் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அடிக்க நின்றவள் முதல் பேஸுக்கு ஓடி வருவதால் எல்லோரும் இடத்தைக் காலி செய்து முன்னால் ஓடியே ஆக வேண்டும். மூன்றாம் பேஸில் இருப்பவள் ஹோமுக்கு வந்தே தீர வேண்டும். அவள் வருவதற்குள் கேட்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டால் போதும், அவள் அவுட். வாசகத்துக்குள் அது அடங்காததால் வகுப்பின் முடிவில் போகிற போக்கில் சொல்வார். யாரும் கவனித்ததில்லை என்று நினைத்திருந்தார்.

கீர்த்தி கவனித்திருந்தாள். முகமூடியைக் கழற்றி எறிந்தாள், பந்தை அள்ளினாள், இடது காலை எடுத்து வைத்து பிளேட்டை நன்றாக மிதித்தாள். மூன்றாம் பேஸிலிருந்து வந்தவள் அப்போது பாதி வழியில் இருந்தாள். ஆட்டம் முடிந்தது என்று பந்தை நடு மைதானத்துக்கு உருட்டிவிட்டு, கீர்த்தி இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

ஷஃபியுல்லா அந்தக் காலைப் பார்த்தார். தெளிவாகப் பார்த்தார். ஆனால் அவர் மண்டைக்குள் ஓடியது அவருடைய சொந்த வாசகம். ஆளைத் தொடவில்லை, ஃபர்ஸ்டுக்கு எறியவில்லை. கையை இரண்டு பக்கமும் விரித்து, "நோ டேக்! நோ டேக்! சேஃப்!" என்று அடித்தொண்டையில் கத்தினார். ஆதம்பாக்கம் கோச், "ஓடுங்கடீ!" என்று அலறினார். பந்து கேட்பாரில்லாமல் புல்லில் கிடக்க, மூன்று பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஹோமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறுக்கு ஐந்து. ஆதம்பாக்கம் ஜெயித்துவிட்டது.

"சார்!" என்றாள் கீர்த்தி. குரல் உடைந்துவிட்டது. "சார், நீங்கதான சார் சொன்னீங்க! ஜூன் மாசம் எங்க ஸ்கூலுக்கு வந்தப்ப! பேஸ் ஃபுல்லா இருந்தா ஹோமை மிதிச்சாலே போதும்னு! நான் நோட்ல எழுதி வச்சிருக்கேன் சார்!"

"அம்பயர்கிட்ட வாக்குவாதம் பண்ணக் கூடாது. போம்மா" என்றார் ஷஃபியுல்லா. குரலில் அதிகாரம் தானாகவே வந்தது.

அதற்குள் டில்லிபாபு மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டே தூரத்திலிருந்து கத்தினார். "ஷஃபி! இன்னாப்பா பண்ணிட்ட? பேஸ் ஃபுல்லு! அவ ஹோமை மிதிச்சிட்டா, அத்தோட அவுட்டுப்பா!"

அப்போதுதான் உறைத்தது.  இருபது வருஷ அம்பயர், வகுப்பெடுக்கிறவர், ஒரு சிறுமிக்குத் தெரிந்த ரூலைக் கோட்டை விட்டுவிட்டார். சரி, மனுஷன்தானே. கையைத் தூக்கி, "தப்பு என்னுது. மூணாவது அவுட். தி.நகர் வின்" என்று சொல்லியிருந்தால் பத்து விநாடியில் முடிந்திருக்கும். ஆதம்பாக்கம் கோச் நாலு வார்த்தை கத்தியிருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் ஷாமியானாவிலிருந்து அப்துல் வஹீத் எழுந்து வருவது தெரிந்தது. கையில் ரூல் புத்தகம். ஷஃபியுல்லா குனிந்து பிளேட்டைப் பார்த்தார். ஓடி வந்த மூன்று பேரின் கேன்வாஸ் தடங்களுக்கு நடுவில், குறுக்காக, வட்ட வட்டப் புள்ளியாக ஒரே ஒரு இடது கால் தடம். செம்மண்ணில் அச்சு எடுத்தது மாதிரி இருந்தது.

அவர் கை பின் பாக்கெட்டுக்குப் போனது. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். நான்கே இழுப்பு. பிளேட் பளிச்சென்று ஆகிவிட்டது.

கை பழக்கத்தில் போய்விட்டது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பழக்கமாம்! ஆட்டம் முடிந்த பிறகு பிளேட்டைத் துடைக்கிற பழக்கம் எந்த ஊர் அம்பயருக்கு இருக்கிறது?

அப்துல் வஹீத் வந்து நின்றார். "என்ன முடிவு கொடுத்தீங்க, ஷஃபியுல்லா? ரூல் விஷயமா, பார்வை விஷயமா?" என்று கேட்டார். இதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்பயர் ரூலைத் தப்பாகச் சொன்னால் கமிட்டி மாற்றலாம். அம்பயர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னால், அதை ஆண்டவனைத் தவிர யாரும் கேட்க முடியாது.

"ரூல் எனக்குத் தெரியும் சார். பார்வை விஷயம்தான்" என்றார் ஷஃபியுல்லா. "கால் பிளேட்டுல படல."

அவர் சத்தமாகத்தான் சொன்னார். இரண்டு டீமும் வேலியோரம் நின்ற பெற்றோரும் கேட்டார்கள். அப்துல் வஹீத் பிளேட்டைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. பேஸ் பக்கம் நின்ற இளம் அம்பயர் வெங்கடேஷைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் ஃபர்ஸ்ட் பேஸைப் பாத்துட்டு இருந்தேன் சார். ஆனா ஷஃபி பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் வெங்கடேஷ். டில்லிபாபு வாயைத் திறந்தார், பழைய சிநேகிதனின் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். பிறகு கீர்த்தி பக்கம் திரும்பி, "ஒழுங்கா மிதிக்காம இன்னாத்துக்குடி கைய தூக்குன?" என்று சீறினார்.

கீர்த்தி அழவில்லை. ஷஃபியுல்லாவின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அவர் கையில் இன்னும் பிடித்திருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். அவர் அதைச் சட்டென்று பாக்கெட்டில் செருகினார்.

அரை மணி நேரம் கழித்து, தண்ணீர் டிரம் பக்கத்தில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது டில்லிபாபு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அம்பயர எதிர்த்துப் பேசிட்டா மச்சி. எங்க டீம்ல அந்தப் பழக்கம் கெடையாது. கேளுடி" என்றார்.

"சாரி சார்" என்றாள் கீர்த்தி.

இதற்கு மேல் ஒரு மனிதன் கீழே இறங்க முடியுமா? முடிந்தது. ஷஃபியுல்லா ஈரக் கையை அவள் தலையில் வைத்து, "பரவாயில்லம்மா. அடுத்த தடவை நல்லா பாத்து மிதி" என்றார். அறிவுரை வேறு! சொல்லி முடித்த பிறகு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் அம்பயர்களுக்கு பிரியாணி வந்தது. அப்துல் வஹீத் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தத் தகராறைப் பதற்றமில்லாம கையாண்டீங்க. நல்லா இருந்தது" என்றார். அவர் யாரையும் அப்படிப் புகழ்ந்ததை ஷஃபியுல்லா கேட்டதில்லை. பாதி பிரியாணியை அப்படியே மூடி வைத்தார். எழுந்து லுஹர் தொழுகைக்குப் போனார். பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைத்தபோது கண்ணுக்குள் வட்ட வட்டப் புள்ளிகள் வந்தன. சீக்கிரமாக எழுந்துவிட்டார்.

இறுதிப் போட்டி தொடங்குவதற்கு முன்னால் சொன்னால்கூட முடிவை மாற்றலாம். தொடங்கிவிட்டால் காலையில் நடந்தது நடந்ததுதான். அது அவருக்குத் தெரியும். இரண்டரைக்கு ஷாமியானா வரை போனார், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டே முக்காலுக்கு மறுபடியும் போனார். அப்துல் வஹீத் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அதுவே போதுமான சாக்காக இருந்தது. மூன்று மணிக்கு, தி.நகர் பெண்கள் வேலிக்கு வெளியே பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, "ப்ளே பால்!" என்று கத்தி இறுதிப் போட்டியைத் தொடங்கி வைத்தவர் ஷஃபியுல்லாவேதான். அந்த ஆட்டம் முழுவதும் அவர் பிளேட்டைத் துடைக்கவே இல்லை. கடைசியில் வெங்கடேஷ் வந்து, "பாய், பிளேட்டே தெரியல" என்று தன் கர்சீப்பால் தட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் போயிற்று. பட்டறையில் அவருக்கு எதுவும் ஓகே ஆகவில்லை. பொருந்துகிற உருப்படியைக்கூட இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேஜில் விட்டுப் பார்த்து, சந்தேகத்திலேயே சிவப்பு மை தடவினார். தொட்டி நிரம்பி வழிந்தது. லேத் ஓட்டுகிற ஹனீஃபா, "என்ன பாய், வால்வு மேல என்ன கோவம்?" என்று கேட்டான். ரிஜெக்ட் ஆக வேண்டிய உருப்படி கேஜைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

பதினோராம் நாள் போனில் செய்தி வந்தது. மாநில பேனலில் அவர் பெயர். நஸ்ருன்னிசா சேமியா பாயசம் வைத்துக் கீழ் போர்ஷனுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். "எங்க வீட்டுக்காரர் ஸ்டேட் அம்பயராயிட்டாரு. நியாயத்துக்குக் கிடைச்ச மரியாதை" என்று படியில் நின்று அவள் சொன்னது மாடிவரை கேட்டது. பாயசக் கிண்ணத்தை எதிரில் வைத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்றாள். ஷஃபியுல்லாவுக்கு ஓகே என்ற சொல்கூட வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே டில்லிபாபு போன் செய்தார். வாழ்த்துச் சொல்லிச் சிரித்துவிட்டு, "உன்னால எனக்கும் ஒரு நல்லது நடந்துச்சு மச்சி. அந்தப் பொண்ணு கீர்த்தி இல்ல, அத கேட்சர்லேர்ந்து தூக்கிட்டேன். முக்கியமான நேரத்துல கால் எங்க கீதுன்னே தெரியாதவள நம்பி உக்கார வெக்க முடியுமா? ரைட் ஃபீல்டுல நிக்க வெச்சிட்டேன். அங்க பாலே வராது, பிரச்சினையும் வராது" என்றார்.

"அவ என்ன சொன்னா?"

"இன்னா சொல்லுவா? ஒண்ணியும் சொல்லல. ஷூவ கயிட்டிக் குடுத்துட்டுப் போய்ட்டா."

ஷஃபியுல்லா போனை வைத்தார். தன் பெயர் போகாமல் இருக்க அந்தப் பெண்ணின் பெயரை எடுத்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவளுக்கும் இருந்தது ஒரே ஒரு இடம், பிளேட்டுக்குப் பின்னால்.

சனிக்கிழமை காலை மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கப்படுகிற சத்தத்துக்கு நடுவே நடந்தார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். 'கீர்த்தி, நீ மிதிச்சது சரி, நான்தான் தப்பா சொல்லிட்டேன்.' நல்ல வாக்கியம்தான். தப்பு என்ற சொல் அதில் இருந்தது. மற்றது எதுவும் அதில் இல்லை என்பதை அவர் கவனிக்காத மாதிரி நடந்தார்.

பள்ளி மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டில்லிபாபு நடுவில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். தூரத்து மூலையில், வேப்ப மரத்தடியில், கீர்த்தி கேன்வாஸ் ஷூவோடு தனியாக நின்றாள். ஷஃபியுல்லா சுவரோரமாகவே சுற்றிக்கொண்டு அவளிடம் போனார்.

"கீர்த்தி" என்றார். "அன்னிக்கு நீ மிதிச்சது சரிம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். "தெரியும் சார்" என்றாள்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். பரவாயில்லை சார் என்று அவள் சொல்லிவிட்டால் அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அதை நினைத்து அப்போதே கூசினார்.

"அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்க" என்றாள் கீர்த்தி. "எங்கம்மா வேலிகிட்ட நின்னுட்டு இருந்தாங்க. லீவு போட்டுட்டு வந்திருந்தாங்க. இப்ப எங்கிட்ட மட்டும் சொல்றீங்க."

ஷஃபியுல்லாவின் முகத்தில் ரத்தம் ஏறியது.  திரும்பி மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். கீர்த்தி பத்தடி பின்னால் வந்தாள்.

"இன்னா மச்சி, ஸ்டேட் அம்பயரு! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற!" என்று டில்லிபாபு கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏய், எல்லாம் வாங்க, சாருக்கு விஷ் பண்ணுங்க!"

பதினாலு பெண்கள் ஓடி வந்து வட்டமாக நின்றார்கள். "குட் மார்னிங் அம்பயர் சார்!" என்று கத்தினார்கள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் ஷஃபியுல்லா.  "அரையிறுதியில, அந்தக் கடைசி பால்ல, கீர்த்தி செஞ்சதுதான் சரி. ரூல் எனக்கு அந்த நேரத்துல மறந்து போச்சு. தப்பு என்னுது. நீங்கதான் ஜெயிச்சீங்க."

 டில்லிபாபு ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார். "சரி வுடு மச்சி. எல்லாருக்கும் ஆவறதுதான். மறதி தான. முடிஞ்சி போன மேட்ச்சு" என்று அவர் தோளைத் தட்டினார். ஒன்றிரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். மறதி. எவ்வளவு சுலபமாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்! ஷஃபியுல்லா அங்கிருந்து அப்படியே போயிருக்கலாம். தப்பை ஒப்புக்கொண்ட பெரிய மனுஷன் என்ற பெயர்கூடக் கிடைத்திருக்கும்.

"சார்" என்றாள் கீர்த்தி பின்னாலிருந்து. அவள் சத்தம் போடவில்லை. "பிரஷ் போட்டதையும் சொல்லுங்க சார்."

டில்லிபாபு அவளைப் பார்த்தார், பிறகு ஷஃபியுல்லாவைப் பார்த்தார். தோளில் இருந்த கை அப்படியே நின்றது.

ஷஃபியுல்லா தரையைப் பார்த்தார். பதினாலு ஜோடி ஷூக்கள் தெரிந்தன. எந்த முகத்தையும் பார்த்து அதைச் சொல்ல அவரால் முடிந்திருக்காது.

"மறதி இல்ல" என்றார். "உங்க சார் ஓடி வந்து சொன்னப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. அவ மிதிச்சதை நான் பாத்தேன். அவ ஷூ தடம் பிளேட்டுல இருந்துச்சு. கமிட்டி சார் வர்றதுக்குள்ள அதை நான் பிரஷ்ஷால துடைச்சேன். துடைச்சிட்டு, கால் படலன்னு பொய் சொன்னேன். அதுக்கப்புறம் இவ வந்து எங்கிட்ட சாரி கேட்டா. நான் பரவாயில்லன்னு சொன்னேன்."

டில்லிபாபுவின் கை தோளிலிருந்து இறங்கியது. முப்பத்தெட்டு வருஷச் சிநேகிதம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் அந்தக் கொயந்தைய உங்கிட்ட சாரி கேக்க வெச்சேனேடா" என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்னபோது அவரும் தரையைத்தான் பார்த்தார்.

"வஹீத் சாருக்கு இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றார் ஷஃபியுல்லா.  நஸ்ருன்னிசாவிடமும் சொல்ல வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பாயசம் வாங்கிக் குடித்த எதிர் வீடும் நினைவுக்கு வந்தது.

அவர் கேட்டை நோக்கி நடந்தார். மைதானம் இவ்வளவு நீளமாக இருந்ததே இல்லை. கேட்டின் கொக்கியை எடுக்கும்போது பின்னாலிருந்து டில்லிபாபுவின் குரல் கேட்டது. கரகரத்துப் போயிருந்தது.

"கீர்த்தி. அந்த ஷூ என் ரூம்லதான் கீது. போய்ப் போட்டுக்கினு வா."

குமிழ் வைத்த ஷூ அணிந்து பிளேட்டுக்குப் பின்னால் அவள் குந்துவதைப் பார்க்க ஷஃபியுல்லாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் திரும்பிப் பார்க்க முகமில்லை. கேட்டைச் சாத்திவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.